மகளுக்கு 640 ஆன்கி அட்டை போட்டாச்சு, ஆனால் ‘குளத்தங்கரை’ தெரியவில்லை. எங்கே தப்பு?

பொங்கோல் அப்பா

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கிறோம், மகள் தொடக்கநிலை 5. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இங்கே பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான் என்பதால் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. டியூஷனுக்கு அனுப்புவதற்கு முன் நாமே ஏதாவது செய்து பார்ப்போம் என்று ஜனவரியில் ஆன்கி செயலியைப் போட்டேன்.

தெரியாதவர்களுக்கு: அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. சரியாகச் சொன்ன அட்டை சில நாள் கழித்து வரும். மறுபடியும் சரியென்றால் இன்னும் தள்ளி வரும். தவறினால் உடனே வந்து நிற்கும். மறக்கப்போகிற சமயம் பார்த்து ஞாபகப்படுத்துவதுதான் அதன் வேலை.

நாளுக்கு ஐந்தாறு புதுச் சொல். காலையில் எல்ஆர்டி ரயிலுக்கு நிற்கும்போது கொஞ்சம், சனிக்கிழமை தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போகும்போது ரயிலில் மீதி. இப்போது மே மாதம், 640 அட்டை ஆகிவிட்டது. செயலியின் கணக்குப்படி 91 விழுக்காடு சரியாகச் சொல்கிறாள். நானும் மார் தட்டிக்கொண்டு திரிந்தேன்.

போன வாரம் கருத்தறிதல் பயிற்சி ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் வரியே ‘குளத்தங்கரையில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருந்தனர்’. அவள் நிமிர்ந்து, “அப்பா, வாட் இஸ் குளத்தங்கரை?” என்றாள். ‘குளம்’ என்று ஒரு அட்டை இருக்கிறது, ‘கரை’ என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டையும் மூன்று மாதம் தள்ளிப் போட்டிருக்கிறது செயலி, அவ்வளவு நன்றாகத் தெரியுமாம்! பள்ளியில் சொல்வதெழுதுதலிலும் பத்துக்கு ஐந்துதான்.

மாதிரிக்கு எங்கள் அட்டைகள் சில:

முன்: குளம். பின்: படம், ஆங்கிலப் பொருள்.
முன்: அக்கறை. பின்: ஆங்கிலப் பொருள்.
முன்: ஊர்தல். பின்: ஆங்கிலப் பொருள், ‘சுவற்றில் பல்லி ஊர்ந்தது’.
முன்: கண்ணும் கருத்துமாக. பின்: மிகுந்த கவனத்துடன்.

நாளுக்கு இருபது என்று ஏற்றிவிடலாமா? அல்லது 91ஐ 99 ஆக்க ஏதாவது அமைப்பு இருக்கிறதா?

நிரலாளி

முதலில் 99ஐ மறந்துவிடுங்கள். புதிய ஆன்கியில் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற கணக்குமுறை இருக்கிறது, 2023ல் சேர்த்தார்கள். ‘எத்தனை விழுக்காடு ஞாபகம் இருக்க வேண்டும்’ என்று அதில் நாமே சொல்லலாம். சொல்லாவிட்டால் 90 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது பத்தில் ஒன்று தவறும் என்று தெரிந்தேதான் நாள் குறிக்கிறது. உங்கள் மகளின் 91 அதனால்தான் வருகிறது, அது மார்க் இல்லை. 99 என்று வைத்தால் ஒவ்வொரு அட்டையும் இப்போதைவிட மிக அடிக்கடி வந்து கதவைத் தட்டும், பிள்ளை ஒரே வாரத்தில் போனைத் தூக்கி எறியும். பிள்ளை எதிலும் பின்தங்கிவிடக்கூடாது என்று பதறுகிற கியாசு அப்பாக்கள் எல்லாரும் முதலில் கைவைக்கிற இடம் இதுதான். நானும் வைத்திருக்கிறேன்.

பழைய முறை எளிமையானது. போலந்தைச் சேர்ந்த பியோத்தர் வோஸ்னியாக் 1987ல் தன் சொந்தப் படிப்புக்காக எழுதிய கணக்கு. முதல் தடவை 1 நாள், அடுத்து 6 நாள், அதன்பிறகு சுமார் இரண்டரை மடங்கு: 15, 38, 94 என்று போகும். கடினமான சொல்லென்றால் அந்தப் பெருக்கல் எண் குறையும். 2006ல் டேமியன் எல்ம்ஸ் ஆன்கியை வெளியிட்டபோது இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றித்தான் எடுத்துக்கொண்டார். ஜப்பானியத்தில் ‘ஆன்கி’ என்றாலே மனப்பாடம் என்றுதான் பொருள்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், இந்தக் கணக்கு ‘எப்போது’ கேட்க வேண்டும் என்பதை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். ‘என்ன’ கேட்கிறோம் என்பது நம் பொறுப்பு. நீங்கள் ‘குளம்’ என்று கேட்டீர்கள், அவள் ‘குளம்’ சொன்னாள். ‘குளத்தங்கரை’யை யாரும் அவளிடம் கேட்கவே இல்லையே.

செம்பவாங் டீச்சர்

முப்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்துவிட்டு இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மூன்றாவது அட்டையில் பிழை இருக்கிறது. ‘சுவற்றில்’ என்று ஒரு சொல் கிடையாது. ‘சுவரில்’ என்பதுதான் சரி.

வயிறு, கிணறு, சோறு என்று ‘று’வில் முடிகிற சொல்தான் வயிற்றில், கிணற்றில், சோற்றில் என்று மாறும். சுவர் ‘ர்’ என்று முடிகிறது. அதோடு ‘இல்’ சேர்ந்தால் சுவரில், அவ்வளவுதான். நாளிதழ், விளம்பரம் எல்லாவற்றிலும் ‘சுவற்றில்’ எழுதி எழுதி நம் காதுக்கு அதுவே பழகிப்போய்விட்டது.

குளத்தங்கரைக்கு வருகிறேன். மரம், குளம், பணம் போன்ற சொற்கள் தனியாக நிற்கும்போதுதான் ‘ம்’ இருக்கும். வாக்கியத்துக்குள் வந்தால் மரத்தில், குளத்துக்கு, பணத்தை. வீடு வீட்டுக்கு ஆகும், ஆறு ஆற்றில் ஆகும். வினைச்சொல் இன்னும் மோசம். ‘கேள்’ என்று அட்டை போட்டால் கேட்டான், கேட்கிறான், கேட்பான் எதிலும் அந்த ‘ள்’ளைத் தேடினாலும் கிடைக்காது. வீட்டில் தமிழ் பேசி வளர்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, நாக்கு தானாகத் திரும்பும். உங்கள் மகளுக்குத் தமிழ் கண் வழியாக வருகிறது. அவளுக்குக் ‘குளம்’ வேறு, ‘குளத்து’ வேறு.

தனிச் சொல்லை அட்டையில் போடாதீர்கள், வாக்கியமாகப் போடுங்கள். சொல்லை எடுத்துவிட்டுக் கோடு இழுங்கள்:

‘மழை பெய்ததால் ____ தண்ணீர் நிரம்பியது.’ அடியில் சின்னதாகக் ‘குளம்’. பின்பக்கம்: குளத்தில்.

‘தாத்தா தினமும் ____ நடப்பார்.’ அடியில் ‘குளம், கரை’. பின்பக்கம்: குளத்தங்கரையில்.

பொங்கோல் அப்பா

டீச்சர், மானம் போச்சு. இப்போதுதான் அந்த அட்டையின் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். ஏழு தடவை வந்திருக்கிறது. ஏழு தடவையும் அவள் அந்த வாக்கியத்தைச் சத்தமாக வாசித்திருக்கிறாள், ‘சரி’ பொத்தானை அழுத்தியது நான். அடுத்த தேதி ஜூலை கடைசி. சொல்வதெழுதுதல் தாளையும் தேடி எடுத்தேன், அவள் தவறவிட்ட ஐந்தில் ஒன்று ‘சுவற்றில்’!

பள்ளி ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார். “பார்த்து எழுதக்கூடாதா” என்று நான் அவளைத்தான் திட்டினேன். பிழையை அறிவியல் முறைப்படி, இடைவெளி விட்டு, மறக்காதபடி ஊட்டியவன் நான்.

துவாஸ்காரன்

அண்ணே, சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கணும்.

நான் செயலி எதுவும் வைக்கவில்லை. கப்பல் பட்டறையில் வேலை, யார்டுக்குள் போன் எடுக்கக்கூடாது. தங்குவிடுதியில் சேப்டி ஷூ வந்த பெட்டி ஒன்றைக் கையில் எடுத்து, அட்டையை வெட்டிக் குறுக்கே வைத்து ஐந்து அறையாகப் பிரித்தேன். முதல் அறை தினமும், இரண்டாவது இரண்டு நாளுக்கு ஒரு தடவை, மூன்றாவது வாரத்துக்கு, நாலாவது இரண்டு வாரத்துக்கு, கடைசி மாதத்துக்கு. தெரிந்தால் அடுத்த அறைக்குப் போகும். தெரியாவிட்டால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்ப வேண்டியதுதான், பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி. இதை நானாகக் கண்டுபிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972லேயே ஜெர்மன் மொழியில் புத்தகமே போட்டுவிட்டார் என்று ரூமில் ஒருவர் சொன்னார்.

நான் படித்தது மலாய். எங்கள் கிரேன் ஓட்டுநர் மலாய்க்காரர், அவர் சொல்வது புரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஹாத்தி-ஹாத்தி என்றால் ஜாக்கிரதை. அதைத்தான் முதல் அட்டையாகப் போட்டேன். பாதிச் சொல்லுக்கு அட்டையே தேவைப்படவில்லை, எல்லாம் நம்மிடமிருந்து போனது: கெடாய் நம்ம கடை, கப்பால் கப்பல், காத்தில் கட்டில், பெத்தி பெட்டி. ஆனால் ‘கோலம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து வாசலில் போடுகிற கோலம் என்றே நினைத்தேன். அது நம்ம குளமாம். உங்கள் மகளுக்கு மட்டும் இல்லை அண்ணே, எனக்கும் குளத்தில்தான் கால் வழுக்கியது.

நைட் ஷிப்ட்

முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறேன், திருச்சியிலிருந்து வந்து ஆறு வருடம். மாண்டரின் கற்றுக்கொள்ள ஆன்கி பயன்படுத்துகிறேன்.

ஆரம்பத்தில் சீனச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன். அதில் வசமாக மாட்டினேன். வாங்குவதும் ‘மாய்’, விற்பதும் ‘மாய்’. ஒன்று கீழே இறங்கி ஏறும், மற்றது சடாரென்று விழும். தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை. அட்டையில் இரண்டும் எனக்குச் சரியாகத்தான் வந்தன, பாட்டிகளிடம் பேசினால்தான் ஒருவருக்கும் புரியவில்லை. அப்புறம் கூட வேலை பார்க்கும் சீனத் தோழியை ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்லி அவர் குரலைப் பதிவு செய்து அட்டையில் போட்டேன். இப்போது முன்பக்கம் எழுத்தே கிடையாது, ஒலி மட்டும்தான். ‘தெங் பு தெங்?’ என்றால் ‘வலிக்கிறதா?’ என்று கேட்பது. அது ஒன்றை ஒழுங்காகச் சொல்ல வந்ததும் வார்டில் பாதி வேலை சுலபமாகிவிட்டது.

பொங்கோல் அண்ணா, சொல்வதெழுதுதலுக்கும் அதையே செய்யுங்கள். எழுத்தைக் காட்டிப் பொருளைக் கேட்டால் அவள் வாசிக்கத்தான் பழகுவாள். உங்கள் குரலில் வாக்கியத்தைப் பதிவு செய்து போடுங்கள், அவள் கேட்டுக் காகிதத்தில் எழுதட்டும், எழுதிய பிறகு அட்டையைத் திருப்பட்டும். ‘ழ’வும் ‘ள’வும் பிரித்துச் சொல்ல வரவில்லையென்றால் வேறு யாரையாவது சொல்லச் சொல்லுங்கள் (தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் வீட்டுக்காரருக்கே வராது).

நிரலாளி

நைட் ஷிப்ட் சொன்னது மிகச் சரி. எந்தத் திசையில் கேட்கிறோமோ அந்தத் திசையில்தான் பதில் வரும்.

இன்னொன்று. அரை/அறை, கரை/கறை, அலை/அழை மாதிரிச் சொற்களை ஒரே நாளில் புதிதாக இறக்காதீர்கள். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றதைச் சேருங்கள், இல்லாவிட்டால் இரண்டும் குழம்பிவிடும்.

செம்பவாங் டீச்சர்

இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘அரை மணி நேரமாக அறையை விட்டு வெளியே வரவில்லை’ என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துத்தான் முப்பது வருடம் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் பிழைத்தார்கள்.

உங்கள் இயந்திரத்தில் என் பெரிய குறையே வேறு. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். அது சொல்லகராதிதான், ஆனால் பாட்டாக இருக்கும். ஒரு சொல் வந்தால் அதன் உறவுக்காரச் சொல் எல்லாம் எதுகையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வரும். உங்கள் அட்டையில் ‘குளம்’ வந்து போனதும் ‘மரபுத்தொடர்’ வருகிறது, பிறகு ‘ஊர்தல்’. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

நிரலாளி

டீச்சர், சம்பந்தம் இல்லாமல் வருவதுதான் அதன் பலமே. பாட்டில் படித்த சொல்லைத் தனியாகக் கேட்டால் முதல் வரியிலிருந்து பாடிக்கொண்டு வரவேண்டியிருக்கும். வாய்ப்பாட்டில் ஏழெட்டு எவ்வளவு என்றால் ஓரேழு ஏழிலிருந்து ஆரம்பிக்கிற மாதிரி.

சோதனையும் இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006ல் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு திரும்பத் திரும்ப வாசித்தது, இன்னொரு குழு தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் வாசித்த குழு முந்தியது. ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்த குழு முந்திவிட்டது. பிழைத்திருத்தம் என்று ஒரே சொல்லைப் பார்த்துப் பார்த்துப் பத்துத் தடவை எழுத வைக்கிறோமே, வெள்ளிக்கிழமை சரியாக எழுதுகிற பிள்ளை அடுத்த வாரம் முழிக்கிற கதை இதுதான்.

செம்பவாங் டீச்சர்

பத்துத் தடவை எழுத வைத்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. சரி, தாளை மூடிவிட்டு எழுதச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் உங்கள் மறதிக் கணக்குக்கெல்லாம் முன்னோடி என்கிறார்களே, 1885ல் எபிங்காஸ், அவர் தன்னைத்தானே சோதித்தது பொருளே இல்லாத அசைகளை வைத்து. பொருள் இல்லாததால்தான் அவ்வளவு வேகமாக மறந்தது. ஆங்கிலப் பொருளை மட்டும் பின்னால் எழுதிய அட்டை, வீட்டில் ஆங்கிலமே பேசுகிற பிள்ளைக்கு ஏறக்குறைய அந்த அசை மாதிரிதான். ‘அக்கறை’ என்று அச்சடித்து வைத்தால் போதுமா? ‘பாட்டிக்கு உன்மேல் ரொம்ப அக்கறை’ என்று பாட்டியே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பொங்கோல் அப்பா

இரண்டு பேரும் என்னைத்தான் அடிக்கிறீர்கள் என்று புரிகிறது.

நிரலாளி, அந்தச் ‘சுவர்’ அட்டையை என்ன செய்வது? திருத்தினால் போதுமா, அழித்துவிட்டுப் புதிதாகப் போடவா?

நிரலாளி

திருத்திவிட்டு, ‘புதியது’ என்று மீட்டமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திருத்திய அட்டையையும் அவள் ஜூலை கடைசியில்தான் பார்ப்பாள். கொஞ்ச நாள் தவறும், தவறட்டும். ஒரே அட்டை எட்டுத் தடவை தவறினால் ஆன்கி அதற்கு ‘லீச்’ என்று பட்டம் கொடுத்து ஒதுக்கி வைத்துவிடும். நேரத்தை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். அப்படி ஒதுங்கியதை மறுபடி மறுபடிக் கேட்காதீர்கள், வேறு மாதிரி எழுதிப் பாருங்கள்.

செம்பவாங் டீச்சர்

லீச் என்றால் தமிழில் அட்டைதானே! அட்டைக்குள் ஒரு அட்டை.

துவாஸ்காரன்

டீச்சர் 😂 இதை என் பெட்டி மேல் எழுதி ஒட்டப்போகிறேன்.

பொங்கோல் அப்பா

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். ஜூன் விடுமுறைக்குக் காரைக்குடி போய்விட்டோம், மூன்று வாரம் செயலியைத் திறக்கவே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் 380 அட்டை பாக்கி. பார்த்ததும் அவள் முகம் போன போக்கைச் சொல்லவா?

நைட் ஷிப்ட்

ஐந்து இரவு தொடர்ந்து வேலை வந்தால் எனக்கும் அப்படித்தான். புதுச் சொல்லைப் பூஜ்யமாக்கிவிடுங்கள், ஒரு நாளைக்கு நாற்பதுக்கு மேல் காட்டாதே என்று வரம்பு வையுங்கள். பத்து நாளில் வடிந்துவிடும். மொத்தத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கச் சொன்னீர்களென்றால் அதோடு ஆன்கிக்கு முழுக்கு.

பொங்கோல் அப்பா

அதைவிட மோசமான வேலை ஒன்று செய்தேன். 640ல் பெரும்பாலானதை நிறுத்தி வைத்துவிட்டு 150 மட்டும் வைத்துக்கொண்டோம். எல்லாம் வாக்கியம். பாதியை அவளே எழுதினாள், காரைக்குடியில் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து. அப்பத்தா வீட்டுக்குப் பின்னால் ஊருணி இருக்கிறது. ‘ஊருணிக்கரையில் அப்பத்தா என் கையை விடவே இல்லை’ என்று ஒரு அட்டை. ‘ஊருணி’ அவள் பாடநூலில் எங்கேயும் இல்லை, எந்தத் தேர்விலும் வரப்போவதில்லை. அந்த அட்டை மட்டும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. பதிவு செய்த குரலும் அப்பத்தாவுடையதுதான், பின்னால் சேவல் கூவுவது கேட்கும்.

‘சுவர்’ அட்டைதான் படுத்துகிறது. ஆறு தடவை தவறிவிட்டது. வாய் சுவரில் என்கிறது, கை சுவற்றில் என்று எழுதுகிறது. முந்தாநாள் அவளே அட்டையின் ஓரத்தில் ஒரு வரி தட்டியிருந்தாள்: ‘ரப்பர், ரப்பரில். சுவர், சுவரில். யாராவது ரப்பற்றில் சொல்வாங்களா?’ அதற்குப் பிறகு இரண்டு தடவை சரியாக எழுதிவிட்டாள். பழைய சொல் ஒழிந்ததா என்று பள்ளித் தாள் வந்தால்தான் தெரியும்.

துவாஸ்காரன்

அண்ணே, அந்த 150ஐ இங்கே பகிருங்களேன். ஊரில் அக்கா மகனுக்கு அனுப்புகிறேன்.

பொங்கோல் அப்பா

தம்பி, தரக்கூடாது என்றில்லை. அதில் பாதி எங்கள் அப்பத்தா, மீதி எங்கள் புளோக் லிப்ட் நின்றுபோன கதை. உங்கள் அக்கா மகனுக்கு அது எபிங்காஸின் அசை மாதிரிதான் இருக்கும். அவன் வீட்டுக் கதையை அவனையே எழுதச் சொல்லுங்கள், பத்து அட்டை போதும். அவன் முயற்ச்சி செய்யட்டும், திருத்த ஆள் வேண்டுமென்றால் டீச்சர் இருக்கிறார்.

செம்பவாங் டீச்சர்

முயற்சி. ‘ற்’ வந்த பிறகு இன்னொரு மெய்யெழுத்து வராது, ‘ச்’ தேவையில்லை. அந்தச் சொல்லை அட்டையில் போடுவதற்கு முன் சொல்லிவிட்டேன்.

பொங்கோல் அப்பா

பிப்ரவரியிலேயே போட்டுவிட்டேன் டீச்சர்.